கழிச் சேற்றில் உறையும் உலோகங்கள்

கடல்நீர் ஏறியிறங்கும் கழியொன்றின் நலத்தை அறிய விரும்புவோர் வழக்கமாக அதன் நீரை ஒரு குப்பியில் முகந்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகின்றனர். நிறம், நாற்றம், கரைந்துள்ள பிராணவாயு, குடற்கிருமிகள் ஆகியவற்றைப் பற்றி அந்நீர் உண்மையே கூறும். ஆனால் அது கூறுவது அன்றைய செய்தி. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த ஓதத்தின் செய்தி. ஆறு மணி நேரத்தில் அந்நீர் கடலை நோக்கி இறங்கிவிடும். பின்னர் வேறு நீர் வந்து நிற்கும். சென்ற ஐம்பது அறுபது ஆண்டுகளில் அக்கழியில் என்னென்ன கொட்டப்பட்டன என்று வினவினால் நீர் விடை கூறாது. விடை அடியிலுள்ள கரிய சேற்றில் இருக்கிறது. மும்பையில், நம் முதியோர் நாவில் இன்றும் பம்பாயாகவே இருக்கும் அந்நகரில், தமிழர்களாகிய நாம் ரயில் வண்டியில் அமர்ந்தவாறே கடந்து செல்லும் கழிகள் இரண்டு. ஒன்று தாராவியை ஒட்டிய மாஹிம் கழி. மற்றொன்று செம்பூருக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் தாணாக் கழி. இவ்விரண்டின் சேற்றைப் பற்றியே இன்று ஆராய விரும்புகிறோம்.

கழி என்ற சொல் நமக்குப் புதிதன்று. நெய்தல் நிலத்தைப் பாடிய பழம்புலவர்கள் கழியையும் கானலையும் மீன் உணங்கும் மணலையும் நன்கறிந்தவர்கள். மராத்தியர் இதனைக் காடி என்பர். பம்பாய்த் தீவின் பழங்குடிகளான கோலி மீனவர்கள் இக்காடிகளையே நம்பி வாழ்ந்தனர். தாராவி என்றதும் நெருங்கிய குடிசைகளையும் பட்டறைகளையும் எண்ணுகிறோமே, அதன் தொடக்கம் ஒரு மீனவர் சேரிதான். தாராவி கோலிவாடா என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

அம்மீனவர் வலைவீசிய நீர், மித்தி என்னும் சிற்றாற்றின் முகத்துவாரம். விஹார், பவாய் ஏரிகளிலிருந்து வழியும் நீர் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் ஓடி, குர்லாவையும் கலீனாவையும் தாராவியையும் தொட்டு மாஹிமில் கடலை அடைகிறது. 1845-இல் மாஹிமுக்கும் பாந்திராவுக்கும் இடையே கற்சாலை கட்டப்பட்டபொழுது கழியின் வாய் குறுகிற்று. பின்னர் ரயில் பாதைகளும் நிரவல் நிலங்களும் அதனை மேலும் குறுக்கின. வாய் குறுகிய பாத்திரத்தில் வண்டல் தங்குவது இயல்பே.

அவ்வண்டலில் நம்மவர் பங்கும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தாராவியில் தோல் பதனிடும் தொழிலை நிலைநாட்டினர். அதே சீமையிலிருந்து வந்த உழைப்பாளர் பலர் அத்தோல் கிடங்குகளில் பாடுபட்டனர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்தில் கழிவுநீர் நாறியதே தவிர உலோக நஞ்சு பெரிதாக இல்லை. குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை பரவியபொழுது நிலைமை மாறிற்று. பல வாரம் பிடித்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது, தோல் மென்மையாயிற்று. ஆனால் பழைய முறையில் தொட்டியில் இடும் குரோமியம் முழுவதையும் தோல் ஏற்பதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கழிவுநீரோடு வெளியேறும். அந்நீர் சென்ற இடம் ஓடை. ஓடை சென்ற இடம் கழி. 1971-இல் ஆட்டுத்தொட்டி பாந்திராவிலிருந்து தேவனாருக்கு மாற்றப்பட்டதும் தாராவியின் பதனிடும் தொழில் படிப்படியாக ஒடுங்கிற்று. இன்று அங்கே நடப்பது பெரும்பாலும் பதனிட்ட தோலைக் கொண்டு பை, இடுப்புவார் முதலியன தைக்கும் வேலையே. தொழில் இடம் பெயர்ந்தது. சேறு இடம் பெயரவில்லை.

தோலோடு கதை முடிவதுமில்லை. முலாம் பூசும் பட்டறைகள் நிக்கலையும் துத்தநாகத்தையும் அனுப்பின. பழைய வர்ணப் பீப்பாய்களைக் கழுவித் துலக்கும் கூடங்கள் ஈயத்தையும் காட்மியத்தையும் அனுப்பின. பழுதான மின்னணுப் பொருள்களைப் பிரித்துச் செம்பை எடுக்கும் தொழில் பின்னர் வந்து சேர்ந்தது. இவற்றைச் செய்வோர் ஊரார் எறிந்ததைப் பொறுக்கி உயிர் வாழ்பவர்கள். எறிந்தவர் மாட்டுங்காவில் இருக்கலாம், செம்பூரில் இருக்கலாம், மலபார் குன்றிலும் இருக்கலாம். மாட்டுங்காவின் தமிழ் இல்லங்கள் பலவற்றில் மீன் சமைப்பதில்லை. ஆதலின் கழி மீனைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை என்று நினைக்கத் தோன்றும். ஆயினும் அவர்கள் வீட்டில் உடைந்த குழல்விளக்கிலும் பாதரசம் இருந்தது; அவர்கள் தெருவின் மழைநீரும் கழிகளுக்கே போய்ச் சேர்ந்தது.

இனி ஓர் ஐயம் எழும். இத்தனை உலோகமும் கடலில் கலந்து கரைந்து போயிருக்கக் கூடாதா? கடல் பெரிதல்லவா? பெரும்பகுதி கரைந்து போவதில்லை. அதற்குக் காரணமும் உப்புநீரே. ஆற்றுநீரில் மிதந்து வரும் நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கியே நிற்கும். உப்புநீர் கலந்தவுடன் அவ்விலக்கம் தளர்ந்து, எலுமிச்சைச் சாறு பட்ட பால் திரிவதைப் போலத் துகள்கள் திரண்டு கீழே இறங்குகின்றன. உலோகங்களோ அத்துகள்களின் பரப்பிலும், அவற்றைப் போர்த்திய இரும்புத் துருவிலும், மக்கிய பொருளிலும் முன்னமே ஒட்டிக்கொண்டவை. ஆகவே ஆறு கடலைச் சந்திக்கும் இடத்திலேயே சுமை இறக்கப்படுகிறது. கரையிலுள்ள கண்டல் மரங்களின் மூச்சுவேர்கள் நீரோட்டத்தைத் தணித்து, இறங்கியதை மீண்டும் எழவொட்டாமல் பிடித்து வைக்கின்றன. கண்டற்காடு செய்யும் பணிகளுள் வெள்ளத்தைத் தடுப்பதையே நாம் அடிக்கடி கேட்கிறோம். இப்பணி அதற்குக் குறைந்ததன்று.

தாணாக் கழியின் வரலாறு சற்று வேறானது. அங்கே சிறு பட்டறைகளைவிடப் பெருந்தொழில்களே முன்னிற்கின்றன. 1954, 1955-ஆம் ஆண்டுகளில் டிராம்பே தீபகற்பத்தில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. 1956-இல் அனல் மின் நிலையம் வந்தது. 1960-களின் நடுவில் உர ஆலை. கழியின் எதிர்க்கரையில் தாணா – பேலாப்பூர்ச் சாலை நெடுகிலும் 1960-கள் தொடங்கி இரசாயனத் தொழிற்சாலைகள் வரிசையாக அமைந்தன. செம்பூர்ப் பக்கத்தில் தேவனார்க் குப்பைமேடு 1927 முதல் வளர்ந்து, அதன் கசிவுநீர் கழியில் வடிந்தது. இக்கழியோ வடக்கே குறுகியது, ஆழமற்றது, வந்த நீர் எளிதில் வெளியேறாதது. உப்புநீரில் மின்சாரம் செலுத்திக் காரச்சோடாவும் குளோரினும் எடுக்கும் பழைய முறையில் பாதரசம் மின்வாயாகப் பயன்பட்டது. அதில் ஒரு பகுதி கழிவோடு தப்பிச் செல்வது அம்முறையின் குறை. தேசியக் கடலாராய்ச்சி நிலையத்தினர் தாணாக் கழியின் பாதரசத்தைப் பற்றி 1981-லேயே எழுதினர். வடக்கேயுள்ள உல்லாஸ் முகத்துவாரத்துச் சேற்றின் பாதரசத்தைப் பற்றி 2003-இல் எழுதினர். பாதரச மின்வாய் முறையை நமது நாட்டுத் தொழிற்சாலைகள் பின்னர்க் கைவிட்டு வேறு முறைக்கு மாறியது மகிழ்ச்சிக்குரியதே.

சேற்றை எவ்வாறு படிக்கிறார்கள்? ஒரு குழாயைச் செங்குத்தாக இறக்கி, கலையாமல் ஒரு மீட்டர் நீளச் சேற்றுத் தூணை எடுக்கின்றனர். பழைய கணக்கேட்டில் அடிப்பக்கம் பழைய ஆண்டாகவும் மேற்பக்கம் புதிய ஆண்டாகவும் இருப்பதைப் போலவே இங்கும். ஒவ்வொரு விரற்கடை அளவுக்கும் வெட்டி, இயற்கையாக வானிலிருந்து விழும் ஈயம்–210 என்னும் கதிரியக்க ஈயத்தை அளக்கின்றனர். அது 22 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். ஆகவே அதன் அளவிலிருந்து எந்த அடுக்கு எந்த ஆண்டில் படிந்தது என்பது தெரியும். பெட்ரோலில் ஈயம் கலந்த காலம் இத்தகைய அடுக்குகளில் உலகெங்கும் பதிந்துள்ளது. இந்தியாவில் ஈயமற்ற பெட்ரோல் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் கட்டாயமாயிற்று. வரவை நிறுத்தினால் ஏட்டில் மேலடுக்கு தூய்மையாகத் தொடங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆனால் ஏட்டைப் படிப்பதில் ஒரு வழுக்குமிடம் உண்டு. அதனை வற்புறுத்திச் சொல்வது நமது கடமை எனக் கருதுகிறோம். சேற்றில் செம்பு இத்தனை மில்லிகிராம், குரோமியம் இத்தனை மில்லிகிராம் என்று எண்களைக் கண்டவுடன் அஞ்சுவோர் பலர். அவ்வெண்களை உலகச் சராசரிக் களிப்பாறையோடு ஒப்பிடுவது வழக்கம். கிலோ ஒன்றுக்குச் செம்பு 45, குரோமியம் 90, ஈயம் 20 மில்லிகிராம் என்பவை 1961-இல் வெளியான புகழ்பெற்ற அட்டவணையின் அளவுகள். பம்பாயின் கீழிருப்பதோ களிப்பாறை அன்று. தக்காணத்து எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல் அது. அக்கல்லில் இயற்கையாகவே இரும்பும் செம்பும் மிகுதி. செம்பு உலகச் சராசரியைப் போல இரண்டு மூன்று மடங்கு இருப்பதும் உண்டு. கல் தேய்ந்து வந்த மண்ணில் செம்பு இருப்பதைத் தொழிற்சாலையின் மேல் ஏற்றுவது நியாயமாகாது. அதே வேளையில் இக்கல்லில் ஈயம் மிகக் குறைவு. ஆகவே உலகச் சராசரிக்குச் சமமான ஈயம் பம்பாய்ச் சேற்றில் இருந்தால், அட்டவணை குற்றமில்லை என்று கூறும். உண்மையில் அது மனிதன் சேர்த்ததாக இருக்கும். ஒரே ஒப்பீடு ஓரிடத்தில் பொய்யான அச்சத்தையும் ஓரிடத்தில் பொய்யான ஆறுதலையும் தருகிறது. அடியாழத்திலுள்ள, தொழில்களுக்கு முந்திய சேற்றோடு ஒப்பிடுவதே முறை.

அளவு மட்டும் போதாது, தன்மையும் வேண்டும். ஸ்வீடன் நாட்டு ஹாகன்சன் என்பவர் 1980-இல் ஒரு மதிப்பீட்டு முறையை வகுத்தார். உயிர்ச்சூழலுக்கு விளையும் ஆபத்தில் துத்தநாகத்துக்கு எடை 1 என்றால் குரோமியத்துக்கு 2, ஈயத்துக்கும் செம்புக்கும் 5, ஆர்சனிக்குக்கு 10, காட்மியத்துக்கு 30, பாதரசத்துக்கு 40. இயற்கை அளவைப் போல எத்தனை மடங்கு ஒரு உலோகம் பெருகியுள்ளது என்பதை இவ்வெடையால் பெருக்கிக் கூட்டுவர். கூட்டுத்தொகை 600-ஐத் தாண்டினால் ஆபத்து மிகப் பெரிது என்பது அவர் வகுப்பு. இதன்படி, தாராவிச் சேற்றில் குரோமியம் பன்மடங்கு இருந்தாலும், தாணாக் கழியில் பாதரசம் சில மடங்கு இருப்பதே பெருங்கவலைக்குரியதாகும். குரோமியத்திலும் இருவகை உண்டு. புற்றுநோய் விளைக்கவல்லது ஆறு இணைதிறனுள்ள வகை. காற்றற்ற கரிய சேற்றில் அது பெரும்பாலும் தீமை குறைந்த மூன்று இணைதிறன் வகையாக மாறிக் கிடக்கும். பாதரசத்தின் போக்கு இதற்கு நேர்மாறானது. அதே காற்றற்ற சேற்றில் வாழும் சில நுண்கிருமிகள் பாதரசத்தை மீதைல் பாதரசமாக்குகின்றன. மூலப்பொருளைவிட இது கொடியது. உயிரின் உடலில் ஏறினால் எளிதில் இறங்காதது.

சேற்றைத் தின்று வாழும் புழு, அதனைத் தின்னும் சிறுமீன், அதனை விழுங்கும் பெருமீன் என்று படிதோறும் செறிவு ஏறி, பெருமீனின் தசையில் நீரிலுள்ளதைப் போலப் பல லட்சம் மடங்காகிறது. நாள் முழுவதும் நீரை வடிகட்டி உண்ணும் மட்டியும் சிப்பியும் காட்மியத்தையும் ஈயத்தையும் தம்முள் சேர்த்துக்கொள்ளும். காட்மியம் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கும். ஈயம் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைத் தாக்கும். குழம்பில் நன்றாகக் கொதிக்கவைத்தால் போய்விடாதா என்று தாய்மார் கேட்பதுண்டு. கிருமி சாகும், உலோகம் சாகாது. இங்கே ஒன்றைப் பிரித்துணர வேண்டும். சசூன் துறையில் ஏலம் போகும் மீன் பெரும்பாலும் வெளிக்கடலிலிருந்து வருவது. அதனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நாம் கூறுவது, ஓதம் வற்றியபின் முழங்கால் சேற்றில் இறங்கி மட்டியும் நண்டும் சேற்றில் துள்ளும் சிறுமீனும் பொறுக்கி, விற்றது போக மிஞ்சியதை வீட்டில் சமைக்கும் குடும்பங்களைப் பற்றி. நகரம் முழுவதும் எறிந்த உலோகத்தில் பெரும்பங்கு அவர்கள் தட்டில் வந்து விழக்கூடும்.

தாணாக் கழிக்குக் குளிர்காலந்தோறும் வரும் பூநாரைகளைக் காட்டி, கழி நலமாகத்தானே இருக்கிறது என்பாரும் உளர். அண்மை ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் கணக்கிடப்பட்டன; 2015-இல் அது சரணாலயமாயிற்று, 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அவற்றை இழுப்பது சேற்றின் மேல் படரும் நுண்பாசி; அப்பாசியைச் செழிக்கச் செய்வதில் நகரத்துச் சாக்கடைக்கும் பங்குண்டு. பறவை வருவதைக் கொண்டு உணவு கிடைக்கிறது என்று கூறலாமே தவிர, உலோகத்தைப் பற்றி ஏதும் கூறவியலாது.

இவ்வளவு நஞ்சென்றால் சேற்றை வாரி எறிந்துவிடலாமே என்று தோன்றும். காரியத்தின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. காற்றுப் புகாத சேற்றில் கந்தகம் சல்ஃபைடு வடிவில் இருக்கிறது. ஈயமும் காட்மியமும் செம்பும் அதனோடு பிணைந்து கரையாத கருப்பொருளாய் அடங்கிக் கிடக்கின்றன. சேற்றின் கருமைக்கும் அழுகிய முட்டை நாற்றத்துக்கும் காரணமான கந்தகமே உலோகத்துக்குப் பூட்டாகவும் இருக்கிறது. தோண்டிக் கிளறி வெயிலிலும் காற்றிலும் பரப்பினால் சல்ஃபைடு பிராணவாயுவோடு சேர்ந்து சிதைகிறது, பூட்டுத் திறக்கிறது, அடுத்த மழையில் உலோகம் ஓடத் தொடங்குகிறது.

2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து மித்தி ஊரையே விழுங்கியதை மும்பைவாசிகள் மறவார். அதன்பின் மித்திக்கென ஒரு அதிகார அமைப்பு ஏற்பட்டது. ஆண்டுதோறும் தூர்வாருதலும் நடந்தது. வெள்ளத்துக்கு அஞ்சுவோர்க்குத் தூர்வாருதல் வேண்டியதே; குர்லாவிலும் தாராவியிலும் தாழ்ந்த வீடுகளில் இருப்போர் அதனை எதிர்பார்ப்பதில் வியப்பில்லை. ஆனால் வாரிய சேறு எங்கே போயிற்று? 2025 மே மாதத்தில் மும்பைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு, மித்தித் தூர்வாரலில் 65 கோடி ரூபாய் அளவுக்கு முறைகேடு நடந்ததாக வழக்குப் பதிந்தது. சேறு கொட்டப்பட்டதாகக் காட்டப்பட்ட நிலங்களின் ஒப்பந்தப் பத்திரங்களும் போலி என்னும் குற்றச்சாட்டு அதில் அடங்கும். குற்றம் உண்டா இல்லையா என்பது நீதிமன்றம் தீர்க்கவேண்டியது. செய்தித்தாள்கள் பணத்தின் கணக்கையே பெரிதாகப் பேசின. எந்த வயலில், எந்தக் கிணற்றின் அருகில் அச்சேறு கிடக்கிறது என்ற கணக்கு நமக்கு அதனினும் பெரிதாகப் படுகிறது.

ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் ஒரு தொழிற்சாலை 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவைக் கொட்டியதும், 1956-இல் அங்கு விந்தை நோய் வெளிப்பட்டதும் பலர் அறிந்தவை. அச்சேற்றை அவர்கள் என்ன செய்தார்கள் என்பது அத்தனை பேர் அறிந்ததன்று. கிலோ ஒன்றுக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் பாதரசமுள்ள சேற்றை மட்டும் அளந்து வரையறுத்தனர். விரிகுடாவின் ஒரு பகுதியை அணையிட்டு அடைத்தனர். ஏறக்குறைய 15 லட்சம் கன மீட்டர் சேற்றை, கலங்காமல் உறிஞ்சி எடுத்து, அந்த அடைப்புக்குள் இட்டு மூடினர். வேலை 1977-இல் தொடங்கி 1990-இல் முடிந்தது; 58 ஹெக்டேர் நிலம் எழுந்தது. மாசுற்ற மீன் வெளியேறாதபடி கட்டியிருந்த வலைகள் 1997-இல்தான் அகற்றப்பட்டன. மித்தியில் மினமாட்டாவின் கொடுமை நேர்ந்தது என்று நாம் கூறவில்லை. அளவிலும் வகையிலும் இரண்டும் வேறு. முதலில் அளந்து, பின்னர் தோண்டி, தோண்டியதை எங்கே வைத்தோம் என்று வரைபடத்தில் குறித்த ஒழுங்கையே சுட்டுகிறோம்.

அவ்வொழுங்கு பம்பாய்க்கு அறியாததும் அன்று. துறைமுகத்தை ஆழப்படுத்த வாரிக் கடலில் கொட்டும் வண்டல் ஓதத்தோடு மீண்டும் துறைமுகத்துக்கே திரும்புகிறதா என்ற கேள்வி எழுந்தபொழுது, டிராம்பேயிலிருந்த அணுசக்தி விஞ்ஞானிகள் 1959-இல் ஸ்காண்டியம்–46 என்னும் கதிரியக்கப் பொருளை வண்டலில் அடையாளமாகக் கலந்து, அது நகரும் வழியைக் கருவி கொண்டு பின்தொடர்ந்தனர். அன்று ஒரு கப்பலின் அடி தட்டாதிருக்க அவ்வளவு முயன்றனர். மித்தியின் சேறு எங்கே போகிறது என்று கேட்பதற்கு வேண்டிய கருவிகளும் ஆய்வுக்கூடங்களும் பயிற்சி பெற்ற ஆட்களும் அதே டிராம்பேயில், மாட்டுங்காவின் இரசாயனத் தொழில்நுட்பக் கழகத்தில், தாராவியிலிருந்து ஓரிரு மைல் தொலைவுக்குள்ளும் சற்று அப்பாலும் இன்றும் இருக்கின்றன.